ஜேடர்பாளையத்து மீன்குஞ்சுகள்

பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருக்கும். அப்பசுமைக்குக் காரணம், அவ்வூரில் காவிரியினின்று பிரியும் ராஜ வாய்க்கால். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்பது ஊரார் வழக்கு.

என் மாணவர்கள் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். தடுப்பணையை நெருங்குமுன்னரே பொரித்த மீனின் வாசனை வந்து வரவேற்றது. விடுமுறை நாட்களில் இங்கே நீராட வருகிறவர்களில் பாதிப்பேர் மீனுக்காகவே வருகிறார்கள் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என்ன மீன் என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன். "ஜிலேபிங்க" என்றாள்.

ஜிலேபி காவிரியில் பிறந்ததன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இவ்வினம் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே அடக்கிக் காக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன!

நம் பழைய மீன்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கருமுழிக் கெண்டை புதுவெள்ளத்தை நம்பி முட்டையிடுவது. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடும் உல்லமோ கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும் அதன் குஞ்சு சில மாதங்கள் ஆற்றிலே வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஏறவும் வழி வேண்டும், இறங்கவும் வழி வேண்டும். 1836-இல் முக்கொம்பில் மேலணை தொடங்கப்பட்டது; கொள்ளிடத்தில் கீழணையும் எழுந்தது; உல்லத்தின் வழி குறுகிற்று. 1909-ஆம் ஆண்டிலேயே வில்சன் என்ற சென்னை மீன் துறை அதிகாரி கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்து பார்த்தார். அப்போதே குறை தெரிந்திருக்கிறது! 1934-இல் மேட்டூர் அணை திறந்தபின், வெள்ளமே மதகின் கணக்குக்கு வந்துவிட்டது. பின்னர் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வேறு.

அணைகளை நான் குறை கூறவில்லை. இவ்வட்டாரத்துச் சோறே அணைத் தண்ணீர். ஆனால் வலையில் அகப்படும் பெரிய மீன் குறைந்தால் சந்தையில் தெரிகிறது. அரிசிமணி அளவுக் குஞ்சு குறைந்தால் எவருக்குத் தெரியும்?

வாய்க்கால் மதகருகே ஒரு மாணவன் மேல்துண்டால் நீரை வடித்தான். கண்ணாடித் துணுக்குகளைப்போல் நாலைந்து குஞ்சுகள் துள்ளின.

"என்ன மீன், ஸார்?"

எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலோடு போனால், மடையை அடைத்ததும் வயலில் காய்ந்துவிடும். ஆற்றுப் பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னேன்.