கெர்னல் சொன்ன புத்தி: மெதுவாப் போ!

கீரனூர்னு சொன்னதும் "புதுக்கோட்டை பக்கமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: இல்லீங்க, இது பழனி பக்கத்து கீரனூர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நடந்த கதை. கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கங்க.

அப்பா ஒரு பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை நீட்டினார். "கண்ணு, இதுல உங்கப்பத்தா வீடியோ எல்லாம் இருக்குது. உன் லேப்டாப்புல ஏத்து." அப்பத்தா போய் ஒன்பது வருஷம். அவங்க குரல் இருக்கறது இந்த ஒரே டப்பாவுலதான். மொத்தம் 40 ஜி.பி.

லினக்ஸ்ல மாட்டி காப்பி போட்டேன். செகண்டுக்கு 25 எம்.பி சொச்சம். யு.எஸ்.பி 2.0 பேப்பர்ல 480 மெகாபிட், அதாவது 60 எம்.பி. நிஜத்துல 125 மைக்ரோ செகண்டுக்கு 512 பைட் பாக்கெட் அதிகபட்சம் 13தான் போகும். உச்சமே 53 எம்.பி. அதுல பாதிகூட வரலையேன்னு எனக்குக் கை அரிச்சுது.

காரணம் நடைக் கணக்கு. களத்துல மூட்டை தூக்கற ஆளை நினைச்சுக்கங்க. 31 பைட்ல ஒரு உத்தரவு போகும், அப்புறம் சரக்கு வரும், கடைசியா 13 பைட்ல "முடிஞ்சுது"ன்னு பதில். அது வந்தாத்தான் அடுத்த நடை. ஒரு நடைக்கு எவ்வளவுன்னு டிரைவர்ல ஒரு வரம்பு இருக்கு: 240 செக்டார், அதாவது 120 கே.பி. அப்படின்னா 40 ஜி.பிக்கு மூணரை லட்சம் நடை! இதையே 1024 செக்டார் ஆக்கினா 82 ஆயிரம் நடைதான். சிஸ்எஃப்எஸ்ல 'மேக்ஸ் செக்டார்ஸ்'ங்கற ஃபைல்ல ஒரு நம்பரை மாத்தினாப் போதும்.

மாத்தினேன். 33 எம்.பி! அப்பாகிட்ட காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அஞ்சு நிமிஷம்தான். காப்பி அப்படியே நின்னுடுச்சு. கெர்னல் லாக்கைப் பாத்தா ரீசெட், மறுபடி ரீசெட், கடைசில டிஸ்க்கையே காணோம். அப்பா ஒண்ணும் கேக்கலை. என் மூஞ்சியையும் டப்பாவையும் மாத்தி மாத்திப் பாத்தார். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

வெளில வந்து திண்ணைல உக்காந்து டிரைவர் சோர்ஸைப் படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும்! 32 கே.பிக்கு மேல ஒரே நடைல கேட்டா பல டிவைஸ் திணறும்னு கமெண்ட்டே எழுதி வச்சிருக்காங்க. அந்த மாதிரி டிவைஸுக்கு 64 செக்டார்தான் வரம்பு. 'கோ ஸ்லோ'ன்னே ஒரு கொடி இருக்குங்க! உத்தரவுக்கும் சரக்குக்கும் நடுவுல 125 மைக்ரோ செகண்ட் சும்மா நிக்கச் சொல்லும். வேகமா ஓட வேண்டிய டிரைவருக்குள்ள வேணும்னே வச்ச தாமதம். 'அன்யூஷுவல் டெவ்ஸ்'னு ஒரு ஃபைல் பூரா இப்படி முரண்டு பிடிக்கற டிவைஸ் பட்டியல். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் யாரோ ஒருத்தர் என்னை மாதிரி பேந்தப் பேந்த முழிச்சிருப்பார். நான் சோம்பேறித்தனம்னு நினைச்ச நம்பரெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பாடம்.

டிஸ்க்கு போகலை, டப்பாக்குள்ள இருக்கற சிப்புதான் மூச்சு வாங்குதுன்னு ஒரு நம்பிக்கை. கழட்டி, ஆற வச்சு, மாட்டி, 64 போட்டேன். 13 லட்சம் நடை. செகண்டுக்கு 15 எம்.பி. முக்கால் மணி நேரம் அப்பா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தார்.

"இப்ப ஏண்டா மெதுவாப் போகுது?"

"அதுக்கு வயசாயிடுச்சுங்கப்பா. இவ்வளவுதான் தூக்கும்."

"முதல்லயே பாத்து ஏத்தறதுக்கென்ன?"

நாலு வருஷமா கம்பெனில பெர்ஃபார்மன்ஸ் வேலை பாக்கறேன், இந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல.

காப்பி முடிஞ்சதும் முதல் வீடியோவை ஓட்டினோம். "அந்தக் கருமத்தை அந்தப் பக்கம் திருப்புடா"ன்னு அப்பத்தா கேமராவைத் திட்டறாங்க. அப்பா மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும்.

டிஸ்கி: ஒரே சமயத்துல பல உத்தரவு அனுப்பற யு.ஏ.எஸ்ங்கற முறை 2011ல வந்த 2.6.37 கெர்னல்லயே இருக்கு; அதுக்கு டப்பாவும் புதுசா இருக்கணும். அதை விடுங்க, முதல்ல உங்க வீட்டுப் பழைய டிஸ்க்கை எடுத்து ரெண்டு காப்பி போடுங்க. மெதுவா :-)