ஏத்தாப்பூர் மரவள்ளிக் காடும் மாவுப்பூச்சியின் அடையாளமும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் வாழப்பாடியைத் தாண்டினால் மரவள்ளிக் காடுகள் கண்ணில் படத் தொடங்கும். இங்குள்ளவர்கள் இதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். ஆங்காங்கே சேகோ ஆலைகள். அவற்றின் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரெனக் காய்கிறது. வசிஷ்ட நதிக் கரையில் உள்ள ஏத்தாப்பூரில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

2020-ம் ஆண்டு கேரளாவின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் சேலம், நாமக்கல் பக்கமும் அது பரவியது. தாக்கிய செடியில் கணுக்கள் நெருங்கி, இலைகள் சுருண்டு, உச்சி கொத்துக் கட்டியதுபோல் ஆகிவிடும். கிழங்கும் குறையும், அடுத்த நடவுக்கு நல்ல விதைக்கரணையும் கிடைக்காது.

இதே காடுகளுக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. 2008 முதல் தமிழகத்தை ஆட்டிப்படைத்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அதை அடக்கின. 'அதே குளவியை இதற்கும் விட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அது பலிக்காது. இந்தக் குளவிகள் தங்களுக்கு உரிய பூச்சியில்தான் முட்டையிடும். அதனால் வந்திருப்பது எந்த இனம் என்பதுதான் முதல் கேள்வி.

பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறம். ஸ்பிரிட்டில் போட்டால் கருநீலமாகிவிடும். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு. இந்த இரண்டையும் ஓரளவு கண்ணாலேயே பிரிக்கலாம். நெருங்கிய உறவுள்ள இனங்களில் அது முடியாது.

ஆப்பிரிக்கா இதை அனுபவித்து அறிந்தது. 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி மாவுப்பூச்சி அங்கு மக்களின் உணவையே அழித்தது. எதிரிப் பூச்சியைத் தேடிப் போனவர்கள் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதேபோன்ற மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதன் குளவிகளை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது அவை அங்குள்ள பூச்சியில் பெருகவில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டபோதுதான் இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது. 1981-ல் அதற்கு ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்று தனிப்பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு, உண்மையான மரவள்ளி மாவுப்பூச்சியான ஃபீனகாக்கஸ் மானிஹோட்டி பராகுவே நாட்டில் கிடைத்தது. அதோடு கிடைத்த அனாகைரஸ் லோபஸி என்ற குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தப் பணிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

ஒப்பிடுவதற்குப் பூச்சியைப் பதப்படுத்த வேண்டும். முதிர்ந்த பெண் பூச்சியே சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். அதன் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் கீறி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைப்பார்கள். உள்ளிருக்கும் கொழுப்பு இளகியதும் மெல்ல அழுத்தி வெளியேற்றினால் கண்ணாடி போன்ற தோல் மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, சிவப்புச் சாயம் ஏற்றி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, கிராம்பு எண்ணெயில் தெளிய வைத்து, கனடா பால்சம் பிசினில் ஸ்லைடாக ஒட்டுவார்கள். பிறகு தோலிலுள்ள நுண்துளைகள், மெழுகுக் குழாய்கள், உணர்கொம்பின் கணுக்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து இனத்தைச் சொல்வார்கள். அவசரப்பட்டால் தோல் கிழியும், துளை தெரியாது.

அடையாளம் உறுதியானதால்தான் சரியான குளவியைக் கேட்டுப் பெற முடிந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அனாகைரஸ் லோபஸியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் அது ஏத்தாப்பூரில் வயலுக்கு வந்தது.

காட்டில் மாவுப்பூச்சி கண்டால் விவசாயிகள் செய்ய வேண்டியவை:

• முட்டைப்பையுடன் உள்ள பெரிய பூச்சிகள் பத்துப் பதினைந்தை நுனிக்குருத்துத் துண்டோடு சிறு பாட்டிலில் ஸ்பிரிட்டில் போடவும். தேய்த்து எடுத்தால் தோல் சிதையும்.

• ஊர், பயிர், தேதி, செடியின் பாகம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே வைக்கவும். மை கரைந்துவிடும்.

• உயிருள்ள பூச்சியோடு செடியை வெளியூருக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். தாக்கிய காட்டிலிருந்து விதைக்கரணையும் எடுக்க வேண்டாம்.

• குளவி விட்ட காட்டில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

மாதிரியை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்திலோ கொடுக்கலாம். பெயர் தெரிந்த பிறகு மருந்தா, குளவியா என்று முடிவு செய்தால் செலவும் மிஞ்சும், கிழங்கும் மிஞ்சும்.