ரெப்கோன்னா என்னங்க?

ஃப்ரெண்ட்ஸ், கோயமுத்தூர்ல 'ரெப்கோ பேங்க்' போர்டைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? ரெபாட்ரியேட்ஸ்... அதாவது, தாயகம் திரும்பியோர்! பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவங்களுக்காக 1969-ல் தொடங்கின கூட்டுறவு வங்கிங்க அது.

எனக்கு இந்த விஷயம் தெரிஞ்சது, கோத்தகிரித் தோழி ஒருத்தியோட அப்பாயி மூலமாத்தான். பிரெட்டை 'பாண்'னு சொல்வாங்க, ரயிலை 'கோச்சி'ம்பாங்க. நாங்க சிரிச்சா அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க. ஆனா, அந்தக் கோச்சிக்குப் பின்னாடி ஒரு பெரிய அழுகையே இருக்கு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளா போன நம்ம ஊர்க்காரங்களோட வாரிசுகள் இவங்க. 1948-ல் வந்த சட்டத்தால பெரும்பாலானவங்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமப் போச்சு. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. மனுஷங்களைத்தாங்க!

அக்கா இங்கே, தங்கச்சி அங்கே. உறவுகளைப் பிரிச்ச அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வெச்ச பேரு 'அழுகைக் கோச்சி'. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல தங்கி... பலர் வந்து சேர்ந்த இடம் நீலகிரி. பாட்டன் பூட்டன் சொல்லிக் கேட்ட 'தாயக'த்தை அப்பத்தான் முதல்முறையா பார்த்தாங்க!

இவங்க வாழ்க்கைக்காக 1968-ல் அரசு ஆரம்பிச்ச தேயிலைத் திட்டம்தான் இன்னிக்கு 'டான்டீ'. குளிர்லயும் அட்டைக்கடியிலயும் நின்னு கொழுந்து பறிச்சதுல பெரும்பங்கு பெண்களோடது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவு ஓடைகள் கீழே இறங்கி நம்ம பவானியில கலக்குது. அந்த மலையில இவங்க வியர்வையும் இருக்கு.

ஆனா பேரு? அங்கே 'கள்ளத்தோணி'ன்னாங்க. இங்கே 'சிலோன்காரி'ங்கறாங்க. 2022-ல் டான்டீ நிலத்துல ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர்றதா அரசு அறிவிச்சப்ப, ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கு மறுபடியும் அதே கேள்வி: 'குடியிருக்கிற வீடு நம்முதா, இல்லையா?' ஒரு ஆயுசுல எத்தனை முறைங்க இதைக் கேக்கறது?

உங்க கிளாஸ்லயும் கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பசங்க இருப்பாங்க. லீவுக்கு அவங்க ஊருக்குப் போனா, வ்யூ பாயின்ட்ல போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க பாஸ். வீட்டுப் பாட்டிகிட்ட பத்து நிமிஷம் உட்காருங்க. சொல்றதுக்கு அவங்க ரெடி. கேக்கத்தான் ஆளில்லை!