மைனஸ் 330

சன் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் ஐபிஎக்ஸ் என்ற வொர்க்ஸ்டேஷனுக்கு லஞ்ச்பாக்ஸ் என்றுதான் செல்லப்பெயர். 40 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், முழுக்க நிரப்பினால் 64 மெகாபைட் நினைவகம். நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளம் இன்றும் அதில் ஓடும். ஆனால் நெட்பிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் பொதுவான உட்கருவை, அப்படியே ஏற்றினால் அந்தச் சின்னப் பெட்டி மூச்சு வாங்கும். அதற்கென்று ஒரு கெர்னலை நாமே கட்டிக்கொள்வது நல்லது.

கட்டுவது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜெனரிக் என்ற கன்ஃபிக் கோப்பைப் பிரதி எடுத்து, நம் இயந்திரத்தில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். சன்4, சன்4சி, சன்4எம் என்று மூன்று குடும்பத்து இயந்திரங்களுக்கும் ஆப்ஷன் அதில் இருக்கும். மூன்றும் இருந்தால், நினைவகத்தைக் கையாளும் இடங்களில் எல்லாம் "நீ எந்தக் குடும்பம்?" என்று கெர்னல் ஓடும்போதே கேட்டுக்கொண்டிருக்கும். ஐபிஎக்ஸ் சன்4சி வகை. மற்ற இரண்டையும் எடுத்துவிட்டால் பதில் கம்பைலருக்கே தெரிந்துவிடும், கேள்வி கெர்னலிலிருந்தே மறைந்துபோகும். இப்படி நீக்க நீக்கக் கெர்னல் இளைக்கும். பழைய இயந்திரக்காரர்களுக்கு இதில் ஒரு போதை உண்டு.

அந்த வேலைக்காக ஆப்ஷன்களின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்டிசி ஆஃப்செட் என்ற ஒன்று கண்ணில் பட்டது. இயந்திரத்தின் பேட்டரிக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு எத்தனை நிமிடம் மேற்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் எண் அது. மேற்கே! இந்திய நேரத்தைக் கொடுக்க வேண்டுமானால் மைனஸ் 330 என்று எழுத வேண்டும். நாம் கிழக்கே 330 நிமிடம் இருக்கிறோம் என்பதை, மேற்கே 330 நிமிடம் இல்லாமல் இருக்கிறோம் என்று சொல்ல வைக்கும் இந்த ஏற்பாட்டை யார் செய்தது? அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: டிஸ்க்கையும் நினைவகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டிய கெர்னலுக்கு நாம் எந்த ஊர் என்பதைத் தெரிந்துகொண்டு என்ன ஆக வேண்டும்?

கேள்வி எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் போனதற்கு அந்த இயந்திரத்தின் கடிகாரம்தான் காரணம். ஹைதராபாத்தின் மௌலா அலி தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய பெட்டி அது. இந்தப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் மின்னணுச் சரக்கு கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்திலேயே இசிஐஎல் இருக்கிறது. அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் தொடங்கிய நிறுவனம், டிடிசி-12 என்ற இந்தியக் கணினியோடு பெயர் சேர்ந்தது. அதைச் சுற்றிக் குஷாய்குடா, செர்லப்பள்ளி, மௌலா அலி என்று பட்டறைகள். கடைக்காரர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இது ஓடுமா பாய்?"

ஓடியது, ஆனால் தான் யாரென்று அதற்குத் தெரியவில்லை. "ஐடிப்ராம் உள்ளடக்கம் செல்லாது" என்று அறிவித்துவிட்டு நின்றது. இந்த வகை சன் இயந்திரங்களில் எம்48டி02 என்ற 24 கால் சிப் ஒன்று உண்டு. 2048 பைட் கொண்ட அதன் கடைசி 8 பைட்தான் கடிகாரம். அதற்கு நேர் கீழே 32 பைட்டில் இயந்திரத்தின் அடையாளம்: எந்த மாடல், ஈதர்நெட் முகவரி என்ன, வரிசை எண் என்ன. இரண்டையும் காப்பாற்றும் பேட்டரி சிப்பின் தலைமேலேயே எபாக்சிக்குள் புதைந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது செத்தால், இயந்திரம் நேரத்தையும் தன் பெயரையும் ஒரே நாளில் மறந்துவிடும்.

புதிய சிப் தேடி அலைவதைவிட இருப்பதையே அறுப்பது சுலபம். ஹேக்ஸா பிளேடால் எபாக்சியை மெல்ல ராவினால் கறுப்புத் தூள் கொட்டும், பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். கொஞ்சம் பொறுமையாகப் போனால் பித்தளை நிறத்தில் இரண்டு பட்டைகள் தலை காட்டும். அவற்றைப் பழைய பேட்டரியிலிருந்து துண்டித்து, கடையில் கிடைக்கும் நாணய பேட்டரிக்கான ஹோல்டரை ஒயர் வைத்துப் பற்றவைத்தால் போதும். பிறகு ஓகே என்று நிற்கும் பூட் திரையில் உட்கார்ந்து அடையாளத்தை பைட் பைட்டாக எழுத வேண்டும். ஐபிஎக்ஸுக்கு மாடல் எண் பதினாறடிமானத்தில் 57. ஈதர்நெட் முகவரி சன்னுக்கு உரிய 8:0:20 என்று தொடங்கும். பதினாறாவது பைட், முந்தைய பதினைந்தையும் எக்ஸ்ஓஆர் செய்து வரும் சரிபார்ப்பு எண். அது பொருந்தினால்தான் இயந்திரம் தன்னை நம்பும்.

கடிகாரத்துக்கு இன்னொரு வினோதம். சிப்பில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். சன் அதை 1900-இலிருந்து எண்ணவில்லை, 1968-இலிருந்து எண்ணுகிறது. நான்கால் வகுபடும் ஆண்டு என்பதால் சிப்பின் லீப் வருடக் கணக்கு தப்பாது. கடிகாரம் உளறினால் நெட்பிஎஸ்டி அதை நம்பாது. டிஸ்க்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை எடுத்துக்கொண்டு, தேதியைச் சரிபார்க்கும்படி பெரிய எழுத்தில் கத்தும். இத்தனை பாதுகாப்பும் கிரீன்விச் நேரத்துக்குத்தான். சன் இயந்திரத்தின் சிப்பில் உள்ளூர் நேரம் வைக்கும் வழக்கமே இல்லை. அப்படியானால் மேற்கு நிமிடம் யாருக்காக?

பழைய யூனிக்ஸ் மூலநிரல்கள் இப்போது எல்லோருக்கும் கிடைக்கின்றன. பெல் ஆய்வகத்தின் தொடக்கப் பதிப்புகளுக்கு 2002-இல் கால்டெரா நிறுவனம் தாராள உரிமம் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பதிப்புகளை மார்ஷல் கிர்க் மெக்குசிக் குறுந்தகடுகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார். பின்னோக்கிப் போவதற்கு அது போதும்.

1975-இன் ஆறாம் பதிப்பில் நேர மண்டலம் கெர்னலில் இல்லை. தேதியை எழுத்தாக்கும் சி-டைம் என்ற நூலக நிரலில், 5 பெருக்கல் 60 பெருக்கல் 60 என்று விநாடிக் கணக்கில் நேராக எழுதிவைத்திருக்கிறார்கள். 5 மணி என்பது அமெரிக்கக் கிழக்குக் கரை. அதாவது நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில், பெல் ஆய்வகம். எழுதியவர்கள் உட்கார்ந்திருந்த ஊர் நிரலுக்குள் அப்படியே உறைந்திருக்கிறது. அமெரிக்கா முழுக்கக் கிரீன்விச்சுக்கு மேற்கே என்பதால் மேற்கு அவர்களுக்குக் கூட்டல் எண் ஆனது. என் முதல் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். சதியும் இல்லை, தத்துவமும் இல்லை, இருந்த இடம்தான்.

1979-இன் ஏழாம் பதிப்பில் அதே 5 கெர்னலுக்குள் குடியேறிவிட்டது. கெர்னலின் தலைப்புக் கோப்பில் டைம்ஜோன் 5 பெருக்கல் 60, இப்போது நிமிடக் கணக்கில். எஃப்டைம் என்ற புதிய அழைப்பு அதை நிரல்களுக்கு எடுத்துக் கொடுத்தது. அதற்குள் யூனிக்ஸ் பல பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டிருந்தது. ஊருக்கு ஊர் எல்லா நிரலையும் திரும்பக் கம்பைல் செய்வதைவிட, எப்படியும் ஊருக்கு ஊர் கட்டப்படும் கெர்னலில் ஒரே இடத்தில் எழுதிவிடுவது லாபம். என் ஊகம் இது, ஆனால் கன்ஃபிக் கோப்பு எழுதிப் பழகிய எவருக்கும் இதில் நியாயம் தெரியும்.

பெர்க்லியின் 4.2பிஎஸ்டி 1983-இல் வந்தபோது அந்த எண் கன்ஃபிக் கோப்பிலேயே ஒரு வரி ஆகிவிட்டது: டைம்ஜோன் 8 டிஎஸ்டி. பசிபிக் கரை கிரீன்விச்சுக்கு 8 மணி மேற்கே. நியூ ஜெர்சியின் 5 கலிஃபோர்னியாவின் 8 ஆனதைப் பார்த்தால், யூனிக்ஸ் போன வழி அந்த ஒற்றை இலக்கத்திலேயே தெரிகிறது. டிஎஸ்டி என்பது கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கம். அதற்கும் கெர்னலில் ஓர் அட்டவணை: அமெரிக்கா 1, ஆஸ்திரேலியா 2, மேற்கு ஐரோப்பா 3, மத்திய ஐரோப்பா 4, கிழக்கு ஐரோப்பா 5. ஆசியாவுக்கு எண் கிடையாது, பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது, பெர்க்லி கன்ஃபிக் நிரலின் இலக்கணக் கோப்பு. டைம்ஜோனுக்குப் பின்னால் முழு எண் வரலாம், தசம எண் வரலாம். இரண்டுக்கும் முன்னால் மைனஸும் வரலாம். முழு எண்ணானால் 60-ஆல் பெருக்கி நிமிடமாக்கும், தசமமானால் நிமிடமாகவே வாங்கிவைக்கும். வரம்பு மீறினால் "டைம்ஜோன் நியாயமற்றது" என்று ஒரு திட்டும் தயாராக இருக்கிறது. ஆக, 1980-களில் ஹைதராபாத்தில் ஒருவர் பெர்க்லி கெர்னலைக் கட்டியிருந்தால் மைனஸ் 5.5 என்று எழுதியிருக்கலாம், திட்டு வாங்காமல். அரை மணிக் கணக்கு இன்றும் பல நிரலாளர்களைத் தடுக்கி விழவைக்கிறது. அன்றைக்கு ஒருவர் அந்தத் தசமப் புள்ளிக்கு இடம் விட்டிருக்கிறார்.

உள்ளே அது முழு நிமிடமாகவே தங்குகிறது. டிஇசட் மினிட்ஸ்வெஸ்ட் என்ற அந்தக் களத்தில் விநாடிக்கு இடம் இல்லை. இங்கேதான் நான் குடியிருக்கும் ஊர் கதைக்குள் நுழைகிறது.

மௌலா அலி என்றால் பலருக்குக் குன்றின் மேலுள்ள தர்கா, அடிவாரத்தில் கவிஞர் மா லகா பாயின் சமாதி. எனக்கு முதலில் ரயில்தான் நினைவுக்கு வரும். டீசல் லோகோ ஷெட், ரயில்வே பயிற்சி நிலையம், செகந்திராபாத்திலிருந்து காசிப்பேட்டை போகும் தடத்தில் ஒரு நிலையம். நிஜாம் ரயில்வே 1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்தை எட்டியது, 1889-க்குள் பெஜவாடா வரை நீண்டது. அந்தக் காலத்து இந்திய ரயில்வேயின் பொது நேரம் எது தெரியுமா? சென்னை நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால்.

அதைக் கணித்துக் கொடுத்தது நுங்கம்பாக்கத்து வானாய்வகம். 1802-இல் ஜான் கோல்டிங்ஹாம் அங்கே சென்னை நேரத்தை நிலைநாட்டினார். அங்கே நட்ட கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் பொறித்த 1792-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பம்பாய் நேரம் சென்னைக்கு அரை மணி பின்னால், கல்கத்தா நேரம் அரை மணிக்குச் சற்று மேலே முன்னால். நடுவில் இருந்ததால் ரயிலுக்குச் சென்னை வாகாக இருந்தது. மௌலா அலியின் சூரியக் கணக்கு கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 5 மணி 14 நிமிடம் முன்னால். ஆகவே சென்னை நேரத்துக்கும் இந்த ஊருக்கும் 7 நிமிடம்தான் வித்தியாசம். இப்போதைய இந்திய நேரத்தோடு அது 16 நிமிடம். நண்பகல் 12 அடித்த பிறகும் இங்கே சூரியன் உச்சிக்கு வராதது அதனால்தான்.

பெர்க்லி கெர்னலில் சென்னை நேரத்தை எழுத முயன்றால் 321 நிமிடம் எழுதலாம், மிச்சம் 10 விநாடி கையில் நிற்கும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போருக்காக இந்தியா 6 மணி 30 நிமிடத்தில் ஓடியதே, அதுவும் அந்த டிஎஸ்டி அட்டவணைக்குள் அடங்காது. ஒரே எண்ணும் ஒரே விதியும் ஒரு நாட்டின் நேரத்துக்குப் போதாது, ஏனென்றால் நேரத்துக்கும் வரலாறு உண்டு. இதைச் சரியாகப் பிடித்தவர் ஆர்தர் டேவிட் ஓல்சன். 1980-களில் அவர் தொடங்கிய நேரமண்டலத் தரவு, ஒவ்வொரு ஊரின் பழைய மாற்றங்களையும் தேதியோடு கோப்பில் எழுதிவைத்தது. 1988-இன் 4.3பிஎஸ்டி டாஹோ அதை ஏற்றுக்கொண்டது. கெர்னல் உலகப் பொதுநேரத்தை மட்டும் எண்ணினால் போதும், ஊர்க்கதை எல்லாம் கோப்பில் இருக்கட்டும். இந்த ஏற்பாடுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் மேற்கு நிமிடம் சாகவில்லை. நெட்பிஎஸ்டியில் ஆர்டிசி ஆஃப்செட்டாகப் பிழைத்திருக்கிறது, விண்டோஸோடு ஒரே பெட்டியைப் பங்கிட்டு, கடிகாரத்தில் உள்ளூர் நேரம் வைத்திருப்பவர்களுக்கு உதவும். லினக்ஸ் கெர்னலின் தலைப்புக் கோப்பிலும் டிஇசட் மினிட்ஸ்வெஸ்ட் அதே பெயரில் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கெர்னலிலும்.

என் ஐபிஎக்ஸ் கெர்னலில் அந்த எண் பூஜ்யம். நேரம் நாணய பேட்டரியில் கிரீன்விச்சாக ஓடுகிறது, ஊர் நேரத்தை ஏசியா/கொல்கத்தா என்ற கோப்பு பார்த்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் லினக்ஸோ பிஎஸ்டியோ ஓடும் கணினி இருந்தால், இசட்டம்ப் என்ற கட்டளையால் அந்தக் கோப்பைக் கொட்டிப் பாருங்கள். 1906 ஜனவரி 1-க்கு முந்தைய வரிகளில் எம்எம்டி என்று வரும். சென்னை நேரம் அதுதான், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, அந்தப் பத்து விநாடியும் குறையாமல்.