பாதியில் நின்ற பாட்டு

2018ஆம் ஆண்டு ஜனவரி 6, சனிக்கிழமை மாலை. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் என் மாணவர்களின் வயதினர். நாற்பதைக் கடந்துவிட்ட நான், தெரிந்த முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்ற கவனத்தோடு கூட்டத்தின் பின்பகுதியில் ஒதுங்கி நின்றிருந்தேன்.

அந்தக் கூச்சம் எனக்குப் புதிதல்ல. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன் நான். கானாவைக் கேட்டுத்தான் என் காது பழகியது. ஆனால் முதுகலை படிக்கப்போன இடத்தில், பிடித்த இசை எது என்று கேட்டவர்களிடம் ஒருபோதும் கானா என்று சொன்னதில்லை. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் அது திரைப்படத்துக்குள் வந்து ஊரெல்லாம் பாடியபோதும், 'சினிமாப் பாட்டுதானே' என்று சிரித்துவைத்தேனே தவிர, அது எங்கள் தெருவில் எங்கே பாடப்படுவது என்பதைச் சொல்லவில்லை. அது சாவு வீட்டில் பாடப்படுவது. பிணத்தைக் கிடத்திய இரவில், விடியும்வரை உறங்காமலிருப்பதற்காகவும், இறந்தவரின் வாழ்க்கையைப் பேசித் தீர்ப்பதற்காகவும் பாடுவது.

மேடையில் பத்தொன்பது பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய குழு. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றார்கள். கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒரு பக்கம். குழுவின் ஒரே பெண் பாடகி இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் குரல் அத்தனை இயல்பாக எடுத்துப் பாடியதைக் கேட்டுக் கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆனால் என்னை அசைத்தது குரலல்ல, சட்டி. அதன் முதல் அடி விழுந்ததும் எனக்கு 2004ஆம் ஆண்டின் ஓர் இரவு நினைவுக்கு வந்தது. நைனா இறந்த இரவு.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய கூட்டாளி ஒருவர் எங்கள் பகுதியில் பெயர்பெற்ற கானாப் பாடகர். அன்றிரவு பந்தலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே டேப்பைத் தட்டிப் பாடத் தொடங்கினார். எழுதி வைத்த பாட்டு அல்ல. நைனாவின் பெயர், அவர் தூக்கிய மூட்டை, அவருடைய கோபம், அவர் பீடி பிடிக்கும் விதம் என்று ஒவ்வொன்றாக அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு போனார். அழுதுகொண்டிருந்த அம்மா ஓரிடத்தில் சிரித்தேவிட்டார்.

நான் வேலையில் சேர்ந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. காலையில் துறைத் தலைவரும் சக ஆசிரியர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணனைத் தனியே அழைத்து, "இதெல்லாம் போதும்ணே, நிறுத்தச் சொல்லு. காலையில காலேஜ்லேர்ந்து ஆளுங்க வராங்க" என்றேன். அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார். பாடியவர் மறுபேச்சுப் பேசவில்லை. டேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த மாதமே வகுப்பில் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை நடத்தினேன். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்றுப் பாடுவது என்று துறைக்கு விளக்கம் சொன்னேன். பாரியை இழந்த துயரையும், அதியமானை இழந்த ஔவையின் துயரையும் விளக்கி நெகிழ்ந்தேன். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்திருப்பதைப் பெருமையோடு கரும்பலகையில் எழுதினேன். என் வீட்டு வாசலில் ஒருவர் பாடிய கையறுநிலையை நான் எழுப்பி அனுப்பியது அப்போது உறைக்கவே இல்லை. உறைக்கப் பதினான்கு ஆண்டுகளும் ஒரு மேடையும் தேவைப்பட்டன.

இதை எழுதும்போது இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டிக்குப் பக்கத்தில் கிடார் வந்து நின்ற பிறகுதானே எனக்கு அதன் அருமை தெரிந்தது? கோட்டு அணிந்த கைகள் அடித்தபோதுதானே பெருமைப்பட முடிந்தது? அந்தக் குழுவினர் செய்தது பெரிய காரியம். 2020 முதல் நீலம் நடத்திவரும் 'மார்கழியில் மக்களிசை' அதை இன்னும் விரித்தது. கச்சேரிகளுக்கே உரியது என்றிருந்த டிசம்பரில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் அது மேடை கொடுத்தது. மேடையேறிய பாட்டு ஒலிப்பதிவாகி நிற்கும். பந்தலில் கட்டிய பாட்டோ அந்த இரவுக்கு மட்டுமே உரியது. அதை நிறுத்தியவன் பின்னாளில் எத்தனை மேடைகளுக்கு முன்னால் நின்று கைதட்டினாலும் அது திரும்பி வராது.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில் தோளில் ஒரு கை பட்டது. இரண்டாம் ஆண்டு மாணவன். வியர்வையில் நனைந்திருந்தான். "ஐயா! நீங்களா? நீங்க இதெல்லாம் கேப்பீங்களா?"

எப்போதும் போல 'சும்மா பார்க்க வந்தேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "இதக் கேட்டுத்தாம்பா வளர்ந்தேன்" என்றேன். அவன் ஏதும் சொல்லாமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டான். கடைசிப் பாட்டு முடியும்வரை இருவரும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தோம்.

வண்டி நிறுத்தத்துக்கு வந்ததும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். நைனா இறந்த அன்று பாடியவரைப் பற்றிக் கேட்டேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆயிற்று என்றார் அண்ணன். அவருக்கு இரவு முழுக்கப் பாடினார்களாம். எனக்குச் சொல்லி அனுப்பியும் நான் வரவில்லையாம்.

"அன்னிக்கு நைனாவுக்குப் பாடினாரே, அந்தப் பாட்டு எப்படிண்ணே முடிஞ்சுது?"

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"எங்கடா முடிஞ்சுது? நீதான நிறுத்தச் சொன்ன."