கடலுக்கு நடுவே ஒரு குடிதண்ணீர்த் தொட்டி

ராமேசுவரம் போகிறவர்கள் கோவிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி என்று அதிசயித்துத் திரும்புகிறோம். தங்கச்சிமடத்துப் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் இன்னும் அதிசயம். அலைகளுக்கு நடுவே ஒரு கிணறு, உள்ளே குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர்! தனுஷ்கோடி மணலில் கையால் பள்ளம் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறும். அதைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களுடைய பொறுமையை நகரத்தில் குழாயடியில் நிற்கும் நமக்கு யாராவது இரவல் கொடுத்தால் தேவலை.

ஆனால் இந்தக் கரையிலே யாத்திரிகர் கண்ணில் படாத இன்னொரு தீர்த்தம் உண்டு. கடலுக்குப் போகிறவன் கூடவே எடுத்துச் செல்லும் குடிதண்ணீர்தான் அது.

அடுத்த முறை சித்திரை, வைகாசியில் போனால் துறைமுகத்துப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போதுதான் படகுகளுக்கு எண்ணெய் ஸ்நானமும் புது வேஷ்டியும்! கரையேற்றி வைத்து, அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுகிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கல்யாண வீடு தோற்றுப் போகும்.

பாக் நீரிணையின் மரப்படகுகள் பெரும்பாலும் இன்று போய் நாளை திரும்புகிறவை. அவற்றுக்குச் சில கேன்களில் தண்ணீர் போதும். ஆழ்கடலுக்குப் போகும் எஃகுப் படகுகளின் கதை வேறு. இந்தக் குறுகிய கடலில் நெரிசலும் எல்லைத் தொல்லையும் மிகுந்துவிட்டதால், இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போகட்டும் என்று 2017-ல் மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் போட்டன. ஒரு படகுக்கு 80 லட்ச ரூபாய் மதிப்பு. பாதி மத்திய அரசின் மானியம், மாநில அரசு 20 சதவீதம், மிச்சம் மீனவர் பங்கும் வங்கிக் கடனும். சில படகுகள் கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே உருவாயின. நினைத்த 2,000 படகு வரவில்லை என்பது உண்மை. கடன் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

இப்படிப்பட்ட படகு கரையை மறந்து நாள் கணக்கில், வாரக் கணக்கில் கடலில் கிடக்கும். பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், 30 நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,500 லிட்டர். நம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டி மூன்று! இதைக் கேனில் கொண்டு போக முடியுமா? ஆகையால் எஃகுப் படகுகளில் தொட்டியைப் படகோடு சேர்த்தே கட்டிவிடுவதுண்டு. அப்படிக் கட்டும்போது படகின் பக்கவாட்டுத் தகடே தொட்டியின் ஒரு சுவராகவும் அமையக் கூடும். உள்ளே நல்ல தண்ணீர், வெளியே உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு தகடு. இரண்டு பக்கமும் துரு அரிக்கும் அந்தத் தகட்டில் ஊசித் துளை விழுந்தாலும் போதும். நடுக்கடலில் குடிதண்ணீர் அத்தனையும் உப்பாகிவிடும்.

அந்தக் காற்றுக்கும் சாமானியப் பசி இல்லை. பாம்பன் ரயில் பாலத்தைக் கேளுங்கள், சொல்லும். 1914-ல் திறந்த அந்த இரும்புப் பாலத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே காலம் கழிந்தது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது. துருவுக்குப் பயந்து அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்ஸேன் என்ற விசேஷப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் துரு எங்கே அதிகம் தெரியுமா? தண்ணீருக்கு அடியில் என்றுதானே நினைப்பீர்கள்! மேல்கூரையில் அதிகம். தண்ணீருக்கு மேலுள்ள காற்றில் ஈரம் வியர்த்து, சொட்டுச் சொட்டாய்த் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த இடம், வண்டல் தங்கும் அடி மூலை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மாதக் கணக்கில் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாற்றம் இல்லை, புகை இல்லை. ஆனால் இரும்பு துருப்பிடிப்பது என்றால் என்ன? காற்றிலுள்ள பிராணவாயுவை அது தின்பதுதான். மூடிய தொட்டியில் தின்னத் தின்னக் குறைந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. தொழிற்பாதுகாப்பு விதிகளில் 19.5-க்குக் குறைந்தால் அபாயம் என்று எழுதியிருக்கிறது. மிகவும் குறைந்த இடத்தில் இறங்கியவர் கூப்பிடக்கூட அவகாசமின்றி மயங்கி விழுவார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ பதறிக் குதிப்பார், அவரும் விழுவார். உலகமெங்கும் கப்பல்களில் இப்படித்தான் ஒன்றுக்கு இரண்டாக உயிர் போயிருக்கிறது. ஆகவே மூடிகளையெல்லாம் திறந்து, ஊதுகாற்று விசிறி வைத்து, கருவியால் அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். வேலை முடியும்வரை விசிறி நிற்கக் கூடாது. மேலே ஒருவர் கயிற்றோடு கண் கொட்டாமல் நிற்க வேண்டும். அவர் எக்காரணத்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது. படகுக்காரர் வீட்டுப் பெண்கள் இதை ஒரு தடவையாவது சண்டை போட்டுச் சொன்னால் நல்லது. நம் வீட்டுத் தரைத் தொட்டியைக் கழுவ ஆள் இறக்குகிறோமே, அங்கேயும் மூடிய இடத்தில் காற்று கெட்டிருக்கும் அல்லவா?

பிறகு சுரண்டல். சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தகடு வெள்ளியாய் மின்ன வேண்டும். தேய்த்த தூளை வாரி எடுத்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவித் துடைக்க வேண்டும். உப்பு துளி தங்கினாலும் பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அந்தக் கரையில் காலையில் மின்னிய தகடு மாலைக்குள் செம்மை பூசிக்கொள்ளும். எனவே தேய்த்த அன்றே முதல் பூச்சு. அதையும் வெயில் ஏறி, பனி ஈரம் உலர்ந்த பிறகே தொடங்க வேண்டும்.

எந்தப் பெயிண்ட்? வெளிப்பக்கத்துக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று உள்ளே பூசிவிடக் கூடாது. பழைய ஈயச் சிவப்புப் பூச்சு குடிதண்ணீருக்கு விஷம். முன்காலக் கப்பல்களில் தொட்டிக்குள் சிமெண்டைக் கரைத்துப் பூசுவார்கள். அதன் காரத்தன்மை இரும்பைத் துருவிடாமல் காக்கும். கட்டிகட்டியாய் உதிரும் என்பதுதான் குறை. இப்போது குடிதண்ணீருக்கென்றே சான்று பெற்ற, கரைப்பான் கலக்காத எபாக்ஸி கிடைக்கிறது. வெல்டிங் கோடுகளுக்கும் மூலைகளுக்கும் முதலில் சின்ன பிரஷ்ஷால் ஒரு கை. பிறகு முழுவதும் இரண்டு பூச்சு. கைக்கு ஒட்டவில்லை என்றவுடன் நிரப்பக் கூடாது. அது முற்றிலும் இறுக டின்னில் எழுதியிருக்கும் அத்தனை நாளும் காத்திருக்க வேண்டும்.

அதன்பின் நிரப்புகிற முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது மனசு கேட்காத காரியம். என்றாலும் கொட்டத்தான் வேண்டும். இரண்டாம் நிரப்பில் குளோரின் கலந்து ஊறவிட்டு, அலசி விட்டு, மூன்றாவதை மொண்டு வாயில் ஊற்றிப் பார்க்கிறார்கள். பெயிண்ட் வாசனை வந்தால் மறுபடி கழுவல். வரவில்லை என்றால் ஐஸும் அரிசியும் ஏற்றலாம். ஜூன் 14 இரவுக்கு அதிக நாள் இல்லை.