பிள்ளை மடுவம்

தோட்டத்துச் சனங்கள் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றை அடுத்த தமிழ்ப் பாடசாலையில் சில வருடங்கள் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். காலையில் பால் வெட்டப் போகும் தாய் கைப்பிள்ளையை மடுவத்து ஆயாவிடம் விட்டுப் போவாள். ஐந்து வயதானதும் அந்தப் பிள்ளை எங்களிடம் வரும். எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் பலர் அதற்குள் குர்ஆன் மத்ரஸாவில் அலிபு, பே ஓதத் தொடங்கியிருப்பார்கள். டவுனில் சிங்கள முன்பள்ளிக்குப் போனவர்கள் நிறங்களைச் சிங்களத்தில் சொல்வார்கள். லயத்துப் பிள்ளைகள் சிலருக்கோ பென்சில் பிடிப்பதே முதல் தடவை.

மடுவம் பிள்ளைக்காக எழுந்ததல்ல. கொழுந்துக்கும் பாலுக்கும் தாயின் இரண்டு கைகளும் தேவைப்பட்டன. 1992 இல் தோட்டங்கள் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் பல மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்தார்கள். ஆனாலும் அவை தோட்டத்தோடு கட்டுண்டவையே.

1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் தோட்டக் குடும்பங்களில் ஒரு பகுதி இந்தியா போனது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் குடியேறினர். அங்கும் 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை பார்க்க இடம் வேண்டும் என்றது. அதுவும் தாயின் வேலையை வைத்த கணக்குத்தான். ஆனால் 1975 ஒக்டோபர் 2 இல் அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையையே கணக்கில் எடுத்தது. 1982 இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மதியச் சோறு போட்டது. குறையில்லாமல் இல்லை: மத்திய அரசு அங்கன்வாடி ஊழியைக்குக் கொடுப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம்.

பின்லாந்தில் 1996 முதல் பாடசாலை வயதுக்கு முந்திய எல்லாப் பிள்ளைகளுக்கும் பகல் பராமரிப்பு உரிமை உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்தால் வாரம் 20 மணித்தியாலம் போதும் என்று 2016 இல் சுருக்கினார்கள். 2020 இல் அதை மீண்டும் முழுமையாக்கினார்கள்.

நமது கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகிறது. அதன் மேல் எல்லை 2016 இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. கீழ் எல்லை அசையவில்லை. முன்பள்ளி மாகாண சபைக்குரிய விடயம். சப்ரகமுவவில் தமிழர் சிறுபான்மை. கேட்காமல் எதுவும் வராது. நாம் கேட்க வேண்டியது சிறியது: தாயின் பெயர் செக்ரோலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லயத்துப் பிள்ளை எல்லாவற்றுக்கும் திறந்த கதவு, உள்ளே தமிழில் கதை சொல்லத் தெரிந்த, மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியை.